மேல இருக்கு: ஒரு ஃபில்டரின் பாதியைத் தேடித் தஞ்சாவூர் வீதிகளில்

தஞ்சாவூரில் பழைய சாமான் கடைகள் எந்தப் பக்கம், என்ன விலை, நடுவில் எங்கே சாப்பிடலாம் என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் எந்த வீதியில் நிற்கிறேன், எந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், எதற்காக வாயைத் திறந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே பாதி நேரம் விளங்கவில்லை. வாயைத் திறந்த கதை பிறகு வரும்.

போன மாசி மாதம் என் சகலைக்கு அறுபது நிறைந்தது. சகலை என்றால் என் மனைவி சித்ராவின் அக்கா வசந்தாவின் கணவர். ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். நாங்கள் சென்னையிலிருந்து வெள்ளி இரவு ரயில் ஏறி, சனிக்கிழமை விடிகாலை தஞ்சாவூரில் இறங்கினோம். சாயங்காலம் நான்கு மணிக்குத் திருக்கடையூருக்குக் கார் சொல்லியிருந்தது. நடுவில் ஒரு பகல் முழுக்க எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சுற்றிப் பார்க்கத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் அறை எடுத்துக் குளித்துவிட்டு வந்தால், கட்டிலின் மேல் ஒரு மஞ்சள் பை. உள்ளே ஃபில்டரின் கீழ்ப் பாதி.

இந்த ஃபில்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. (மேலே என்ற வார்த்தையை இனிமேல் ஜாக்கிரதையாகத்தான் பயன்படுத்த வேண்டும்.) என் மாமனாருக்குத் திருவிடைமருதூர். அவர் வீட்டில் ஒரு பெரிய பித்தளை காபி ஃபில்டர் இருந்தது. பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற வழக்கம் நம் எல்லோருக்கும் தெரியும். இதில் மேல் பாகத்தில் 'கோ. ராமாமிர்தம்' என்று அவர் பெயரும், கீழ் பாகத்தில் 'திருவிடைமருதூர்' என்று ஊரும் வெட்டியிருக்கும். அவர் போன பிறகு பாத்திரம் பண்டம் பிரித்தபோது, வெண்கலப் பானை, அண்டா, குத்துவிளக்கு எல்லாம் சுமுகமாகப் பிரிந்தன. ஃபில்டர் மட்டும் இரண்டு பெண்களுக்கும் வேண்டும். பஞ்சாயத்துக்கு வந்திருந்த ஒரு சித்தப்பா, "இதுக்கு எதுக்கு மனஸ்தாபம்? மேல பெரியவளுக்கு, கீழ சின்னவளுக்கு. யாருக்கும் குறையில்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இரண்டு பேருமே "சரி, அவளே வெச்சுக்கட்டும்" என்று அடுத்தவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டு பேரும் சொல்லவில்லை. ஆறு வருடமாக அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. பேர் ஒரத்தநாட்டில், ஊர் எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டில்.

"ஏங்க, கேட்டுக்கங்க" என்றாள் சித்ரா, தலையைத் துவட்டிக்கொண்டே. "இதுக்குப் பொருத்தமா ஒரு மேல் பாகம் வாங்கிட்டு வரணும். பழசா, பித்தளையா. நாளைக்குக் காலையில எங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் அங்க இருப்பாங்க. எங்க அப்பா ஃபில்டர்ல முழுசா டிக்காஷன் இறக்கி என் ரூம்லயே காபி குடுக்கணும். நான் பாதிய வெச்சுக்கிட்டு முழிக்கறேன்னு அவ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா."

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா நான் திருக்கடையூர் வரல. நீங்க மட்டும் போய் அட்சதை போட்டுட்டு வாங்க."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அக்கா வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு நூறு கிலோமீட்டர் பக்கத்தில் வந்துவிட்டுப் போகாமல் திரும்பினால், அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் கல்யாணப் பத்திரிகைகூட வராது. எனக்குச் சகலையைப் பிடிக்கும். அவர் ஒருத்தர்தான் எங்கள் குடும்பத்தில் என் ஜோக்குக்குச் சிரிக்கிறவர். மாடுகளோடு பழகியதால் வந்த பொறுமை என்று சித்ரா சொல்வாள்.

முதலில் சாப்பாடு. ஸ்டேஷனுக்கு எதிர்ச் சாரியில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, சாம்பாரா குருமாவா என்று முடிவு செய்ய முடியாமல் நடுவில் நின்றுவிட்ட ஒரு சமாசாரம் கடப்பா. என் குழப்பத்துக்குத் துணையாக இருந்தது. இரண்டு செட் சாப்பிட்டேன், காபியோடு 110 ரூபாய். ஒன்பது மணிக்குள் போங்கள், பிறகு கடப்பா தீர்ந்துவிடும், சாம்பாரைக் கொடுத்துவிடுவார்கள்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

"பழைய பித்தளைச் சாமான் கடைக்குப் போகணும்."

"கீழவாசலா, கீழவீதியா, கீழ அலங்கமா?" என்றார் டிரைவர்.

"எனக்கு மேல்தான் வேணும். கீழ இருக்கு."

அவர் கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கீழ இருக்குதான் சார். அது எங்கயும் போயிடாது. மேலவீதிக்குப் போகணுமா?"

"இல்ல, சாமானுக்குத்தான் மேல் பாகம். கடை எங்க இருந்தாலும் பரவாயில்லை."

"அப்ப அரண்மனைகிட்ட இறக்கி விடறேன். அங்கேருந்து நீங்களே மேலயோ கீழயோ பாத்துக்கங்க" என்று கீழவீதியில் விட்டுவிட்டு 120 ரூபாய் வாங்கிக்கொண்டார். வீதிப் பெயர்களில் கீழ என்றால் கிழக்கு, மேல என்றால் மேற்கு என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாததுதான் அன்றைய பிரச்சினை.

அரண்மனையைச் சுற்றியுள்ள இந்தப் பகுதி இப்போது ரொம்ப மாறியிருக்கிறது. தலையாட்டி பொம்மைக் கடைகள் அப்படியேதான் இருக்கின்றன. (சின்னது 250. பேரம் பேசினால் பொம்மை தலையாட்டும், கடைக்காரர் ஆட்டமாட்டார்.) ஆனால் நடுநடுவே இளவட்டங்களின் கடைகள் முளைத்திருக்கின்றன. பழைய வீட்டின் முன்கட்டைக் காபிக் கடையாக்கி, மண் குவளையில் 140 ரூபாய்க்குக் காபி. பழைய சினிமா போஸ்டர், பழைய சோடா பாட்டில், பழைய ரேடியோ. எங்கள் வீட்டில் நான் தூக்கிப் போடக் காத்திருக்கிற சாமான்கள் எல்லாம் அங்கே ஸ்பாட்லைட் போட்டு உட்கார்ந்திருந்தன. வாசலில் நான்கு பெண்கள் ஒரு உடைந்த தையல் மிஷினோடு ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே நடந்துவிட்டேன். மறுபடி எடுத்தார்கள். மறுபடி குறுக்கே நடந்தேன். திரும்பி வரும் வழியும் அதுதான்.

அதில் ஒரு 'விண்டேஜ்' கடைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூரையிலிருந்து முப்பது நாற்பது ஃபில்டர்கள் தொங்கின. எல்லாம் மேல் பாகம். எல்லாவற்றுக்குள்ளும் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அடிப்பக்கத்துச் சல்லடை ஓட்டைகள் வழியாகத் தரையெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம்.

கடையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "லேம்ப் 2,800 அங்கிள். டிம்மர் வெச்சது 3,400."

"லேம்ப் வேணாம்மா. ஃபில்டரா வேணும்."

"ஃபில்டராவா?" என்றாள். புதுக் கோணத்தில் யோசிக்கிற ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அப்படி யாரும் கேக்கறதில்லையே அங்கிள். எல்லாத்துலயும் ஹோல் போட்டு ஒயர் ஏத்திட்டோம். ஊர்ல இருக்கற டாப் எல்லாம் எங்ககிட்டதான் வருது."

"ஏற்கெனவே ஓட்டை இருக்கற சாமானுக்கு எதுக்கும்மா இன்னொரு ஓட்டை?"

"அது கீழ ஹோல் அங்கிள். ஒயருக்கு சைடுல வேணும்ல." பையிலிருந்த என் கீழ்ப் பாதியைப் பார்த்து, "பாட்டம் குடுக்கறீங்களா? நாங்க கள்ளிச்செடி வைக்கறதுக்கு எடுத்துக்கறோம்" என்றாள். என் மாமனாரின் ஊரில் கள்ளிச்செடி. பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "வேணும்னா பாய் கடையில கேட்டுப் பாருங்க. பழைய பித்தளைக்கு அவருதான். இப்படியே மேல இருக்கு" என்று கையைக் காட்டினாள்.

கை காட்டிய திசையில் ஒரு மாடிப்படி இருந்தது. ஏறினேன்.

மேலே வரிசையாக நாற்காலிகள். மூன்று பேர் காத்திருந்தார்கள். பழைய சாமான் கடைக்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்தேன். கண்ணாடி அலமாரிக்குள் வெள்ளையாக என்னவோ அடுக்கியிருந்தது. நான் மூக்குக் கண்ணாடியை லாட்ஜில் விட்டுவிட்டு வந்திருந்தேன். தந்தச் சாமான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வகையில் சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள், "சொல்லுங்க சார்" என்றார்.

"மேல் பாகம் வேணும்."

"மேல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லைங்க. ஆறு வருஷமாச்சு."

"கீழ?"

"கீழ நல்லா இருக்கு. பையில வெச்சிருக்கேன்."

அவர் பையைப் பார்த்தார். "கழட்டி வெச்சிருக்கீங்களா?"

"மேல இல்லாம கீழ மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அதான்."

"பாவம். அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"

"சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறையில்ல. காபிக்குத்தான் கஷ்டமா இருக்கு."

"சூடு படக்கூடாதுல்ல" என்றார் பரிவோடு. "உக்காருங்க, டாக்டர் அளவு எடுப்பார். இருநூறு ரூபா கட்டிடுங்க."

ஃபில்டருக்கு அளவு எடுக்கிறவரை இங்கே டாக்டர் என்று சொல்கிறார்கள் போலிருக்கிறது, கலைமாமணி மாதிரி ஏதோ பட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டார்கள். சாய்வு நாற்காலி. விண்டேஜ் சலூன் நாற்காலி என்று ரசித்து உட்கார்ந்தேன். அது தானாகச் சாய்ந்தது. முகத்துக்கு நேரே விளக்கு வந்தது. ஒரு கை என் தாடையைப் பிடித்து, "ஆ காட்டுங்க" என்றது. காட்டிவிட்டேன். நடுத்தர வயதுக்காரன் எவனும் ஆ காட்டச் சொன்னால் காட்டிவிடுவான்.

"மேல எல்லாப் பல்லும் இருக்கே சார்" என்றார் டாக்டர். "கீழயும் இருக்கு. பையில என்ன வெச்சிருக்கீங்க?"

எடுத்துக் காட்டினேன். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "திருவிடைமருதூர்" என்று வாசித்தார். பிறகு ரொம்ப நேரம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. இருநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். நான்தான் வீறாப்பாக வேண்டாம் என்றேன். இடது பக்கக் கடைவாயில் ஒரு சொத்தை ஆரம்பித்திருப்பதாகத் தெரிந்தது. அந்தத் தகவலைத் தவிர மதியம் பன்னிரண்டு வரை நான் வாங்கியது எதுவும் இல்லை.

இறங்கி வந்து அந்தப் பெண்ணிடம், "மேல பல் ஆஸ்பத்திரிதாம்மா இருக்கு" என்றேன்.

"மாடிக்கா போனீங்க? மேலன்னா மேலவீதி அங்கிள். மேக்கால." சொல்லிவிட்டு அவளும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெற்கு வீதி வழியாக மேலவீதிக்கு நடந்தேன், இருபது நிமிஷம். வெயில் அதிகமென்றால் வழியில் பன்னீர் சோடா குடிக்கலாம், 25 ரூபாய். பாய் கடையை இப்படித்தான் அடையாளம் சொல்ல முடியும்: வாசலில் ஒரு அண்டா கவிழ்த்து வைத்திருக்கும், அதன் மேல் ஒரு பூனை இருக்கும், பூனை விற்பனைக்கு இல்லை. உள்ளே போனால் பித்தளைக் காடு. தூக்கு, கூஜா, முறுக்கு அச்சு, கோயில் மணி, எச்சில் பணிக்கம் வரை இருக்கிறது. பாய் கூத்தாநல்லூர்க்காரர். இருபது வருடம் துபாயில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அரபிகளிடம் பேரம் பேசிவிட்டு நம்மிடம் பேசுவது அவருக்கு ஓய்வு மாதிரி இருக்கிறது.

நான் பையைத் திறந்து கீழ்ப் பாதியை வைத்ததும் அவர் மூக்கின் மேல் விரலை வைத்தார்.

"என்னங்க இது? காலையில ஒருத்தர் மேலய வெச்சுக்கிட்டுக் கீழ தேடிக்கிட்டு வந்தாரு. இப்ப நீங்க கீழய வெச்சுக்கிட்டு மேல தேடுறீங்க. ஊர்ல என்ன நடக்குது?"

"யாரு பாய் அவரு?"

"பேரு கேக்கல. நல்லா உயரமா இருப்பாரு. சாமானக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி முதுகுல ஒரு தட்டுத் தட்டுறாரு, மாட்டத் தட்டுற மாதிரி. இங்க இருக்கற கீழ் பாகம் எதுவும் சேரல. சாமான இங்கயே வெச்சுட்டு, மாலை வாங்கணும்னு பூக்காரத் தெருவுக்குப் போயிருக்காரு. வந்துடுவாரு."

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்ததைக் காட்டினார். 'கோ. ராமாமிர்தம்' என்ற எழுத்து என்னைப் பார்த்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு மாமனார் பேரை நேருக்கு நேர் பார்க்கிறேன். கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கால் மணி நேரத்தில் சகலை வந்தார். இரண்டு தோளிலும் வாழையிலையில் சுற்றிய கல்யாண மாலைகள், கையில் திருவையாற்று அசோகா அல்வா ஒரு டப்பா. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"வாங்க சகலை" என்றேன்.

"நீங்களுமா சகலை?" என்றார்.

விஷயம் இதுதான். காலையில் வசந்தாக்கா உறவுக்காரர்களோடு வேனில் திருக்கடையூர் கிளம்பும்போது மேல் பாகத்தை அவர் கையில் கொடுத்து, "இதுக்கு ஒரு கீழ் பாகம் இல்லாம வராதீங்க. அவ பாதிய வெச்சுக்கிட்டுப் பெருமை பேசறா. நாளைக்குக் காபி என் ஃபில்டர்ல இறங்கணும். இல்லன்னா நான் மணையில உக்கார மாட்டேன்" என்றிருக்கிறார். அறுபது வயதில் கல்யாணம் நின்றுபோகும் நிலைமை.

பாய் நடுவில் புகுந்தார். "ரெண்டு பேருல ஒருத்தர் வித்துடுங்க. ஒருத்தருக்கு முழுசாயிடும். நான் நல்ல வெலைக்கு எடுத்து நல்ல வெலைக்குக் குடுக்கறேன்."

"வித்தா என் வீட்டுல நான்தான் பாதியாயிடுவேன்" என்றார் சகலை.

டப்பாவைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் அசோகா சாப்பிட்டோம், பாய்க்கும் கொடுத்தோம். நெய் விரலில் ஒட்டியது. அந்த இனிப்பு நேரத்தில்தான் நான் அந்த முட்டாள்தனமான வார்த்தையைச் சொன்னேன். "சும்மா ஒரு தடவை வெச்சுப் பாப்போமா சகலை?"

வைத்தார். லேசாகத் திருகினார். 'சக்' என்று ஒரு சத்தம். இம்மி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. 'கோ. ராமாமிர்தம், திருவிடைமருதூர்.' ஒரு நிமிஷம் நாங்கள் இருவரும் ரசித்தோம். பிறகு எடுக்கப் பார்த்தோம். வரவில்லை.

நான் இழுத்தேன். சகலை இழுத்தார். நான் கீழே பிடிக்க அவர் மேலே இழுத்தார், அவர் கீழே பிடிக்க நான் மேலே இழுத்தேன். ஆறு வருடத்தில் இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு பக்கம் நசுங்கியிருக்கிறது, இப்போது நசுங்கலும் நசுங்கலும் கவ்விக்கொண்டுவிட்டது என்றார் பாய். கீழே வெந்நீர் ஊற்றினோம், மேலே ஐஸ் வைத்தோம். எண்ணெய் விட்டோம். கடைசியில் சகலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கன்னு குறுக்க நின்னா எப்படி எடுப்போம் தெரியுமா? வலிச்சு இழுக்கக் கூடாது. அது முக்கும்போதுதான் நாம இழுக்கணும்."

"இது முக்காதே சகலை."

"அதான் யோசிக்கறேன்."

பாய் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். வாசல் பூனை எழுந்து தெருவுக்குப் போனது. தட்டி எடுத்துத் தருகிறேன், ஆனால் தட்டினால் வெட்டின எழுத்து போய்விடும் என்றார் பாய். பேர் போனால் சகலைக்கு ஆபத்து, ஊர் போனால் எனக்கு. மணி மூன்றே கால். முழு ஃபில்டரும் கையில் இருந்தது, இரண்டு பேருமே வெறுங்கையோடு நின்றோம்.

லாட்ஜுக்கு இருவருமாகப் போனோம். சகலை மாலைகளோடு வாசலிலேயே நின்றுகொண்டார். நான் பையை நீட்டினேன். சித்ரா எட்டிப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கிடைச்சுடுச்சா? அப்படியே ஒட்டி வெச்ச மாதிரி சேருதே. எங்க புடிச்சீங்..."

அதற்குள் பெயரைப் படித்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள். முந்தானையால் அந்த எழுத்தை ஒரு தடவை துடைத்தாள். பிறகு பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன், பல் ஆஸ்பத்திரியைத் தவிர்த்துவிட்டு.

"அத்தான் வெளிய நிக்கறாரா?" என்றாள்.

"ஆமாம். மாலையோட."

"சரி. வந்து என் பாதிய எடுத்துக்கிட்டுப் போறேன். கல்யாணத்துக்குன்னு நெனச்சுக்க வேணாம்" என்று எழுந்து பட்டுப்புடவையைப் பெட்டியில் வைத்தாள்.

தஞ்சாவூரிலிருந்து திருக்கடையூர் கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாடகைக் கார் 3,200 ரூபாய், இரண்டரை மணி நேரம் என்று கணக்கு. மாசி மாதத்தில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். சம்பா அறுவடை முடிந்து நெல்லைத் தார் ரோட்டிலேயே காயப் போட்டிருப்பார்கள். பாதி ரோடு நமக்கு, பாதி நெல்லுக்கு. ஓரத்தில் கல் அடுக்கி எல்லை கட்டியிருக்கும்.

"இந்தப் பக்கமா கொஞ்சம் ஏத்திப் போகக் கூடாதா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"ஏத்துனா நம்மளையும் சேத்துக் காயப் போட்டுருவாங்க சார். அந்தா, மேலண்ட நிக்கறாரு பாருங்க, கம்போட."

நான் அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன். சித்ரா பின்சீட்டில் மடியில் ஃபில்டரை வைத்துக்கொண்டு, "மேக்குப் பக்கம்ங்க. மாமரத்துல ஒருத்தரும் இல்ல" என்றாள். முன்சீட்டில் மாலைகளுக்கு நடுவே மாப்பிள்ளை குலுங்கினார். திருவிடைமருதூர் கோபுரம் தாண்டும்போது டிரைவர் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சித்ரா ஃபில்டரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்த மாதிரி எனக்குத் தோன்றியது. குலுங்கலாகவும் இருக்கலாம்.

ஆறே முக்காலுக்குத் திருக்கடையூர். கோயிலைச் சுற்றி எந்த லாட்ஜைப் பார்த்தாலும் வாசலில் அறுபது வயது மணமகன்கள். வசந்தாக்கா கூடத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். கணவர் பின்னால் தங்கையைப் பார்த்ததும் நூல் நின்றது. சகலை பையிலிருந்து ஃபில்டரை எடுத்து நடுவில் வைத்து, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னார். மாடு செத்த செய்தி சொல்வதுபோல் தலை குனிந்திருந்தது.

வசந்தாக்கா கணவரைப் பார்த்துப் பேசினார். "அவளோடத அவள எடுத்துக்கச் சொல்லுங்க."

சித்ரா என்னைப் பார்த்தாள். "வந்தா எடுத்துக்க மாட்டேனா? வரலன்னு சொல்லுங்க."

"வராதுன்னா ஒழுங்கா இழுக்கலைன்னு அர்த்தம். ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும்? கீழ அழுத்திப் புடிச்சுக்கச் சொல்லுங்க, நான் மேல இழுக்கறேன்."

சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சித்ரா உட்கார்ந்து கீழ்ப் பாகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதிரே வசந்தாக்கா. ஒரு இழுப்பு. வரவில்லை. இன்னொரு இழுப்பு. வளையல் மட்டும் சத்தம் போட்டது. சித்ராவின் கை நழுவியது.

"நல்லா புடிடீ" என்றார் வசந்தாக்கா.

கூடத்தில் இருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"புடிச்சுக்கிட்டுதான்க்கா இருக்கேன். நீ எண்ணெய்க் கைய வெச்சுக்கிட்டு இழுத்தா?"

"எண்ணெய் உன் வீட்டுக்காரர் விட்டது. முட்டியக் குடுத்து அழுத்து. ம்."

'டொப்' என்று வந்தது. அக்கா ஒரு பக்கம் மல்லாந்தார், தங்கை இன்னொரு பக்கம். "இடுப்பு புடிச்சுக்கிச்சாடீ?" என்று ஒரு குரல். "உனக்குத் தலையில அடிபட்டுதா?" என்று இன்னொரு குரல். கட்டிக்கொண்டு அழுதார்களா என்று கேட்காதீர்கள். இல்லை. எண்ணெய் பட்டுப் பூவெல்லாம் வீணாகிவிட்டது என்று இருவரும் சேர்ந்து எங்களைத் திட்டினார்கள். சகலை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். முக்கும்போது இழுக்க வேண்டும் என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அக்கா மணையில் உட்கார்ந்தார். ஃபில்டரை மறுபடி சேர்த்து வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை, அதனால் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் லாட்ஜ் கேன்டீன் காபியைத்தான் குடித்தார்கள். 20 ரூபாய். "கழுநீர் மாதிரி இருக்குல்ல?" என்றாள் சித்ரா. "கழுநீராவது கெட்டியா இருக்கும்" என்றார் அக்கா. ஆறு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அந்தக் காபி. கேன்டீன்காரருக்கு என் நன்றி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி மூன்றையும் நடந்தே பார்க்கலாம், மொத்தம் மூன்று மணி நேரம் வையுங்கள். காலை பத்துக்கு முன்னால் பழைய சாமான் கடைகள் திறப்பதில்லை. இளவட்டக் கடைகள் பதினொன்று. அங்கே சொல்லும் விலைக்கும் பாய் மாதிரி ஆட்கள் சொல்லும் விலைக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும், பல்புக்கு வேண்டுமானால் அங்கே, காபிக்கு வேண்டுமானால் இங்கே. பித்தளை வாங்கினால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பூசித் தரச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள். முக்கியமாக, யாராவது 'மேல இருக்கு' என்றால் மாடியா, மேற்கா, சாமானின் மேல் பாகமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுக் காலை எடுத்து வையுங்கள். பல் பரிசோதனை உங்களுக்கும் பாக்கி இருந்தால் கேட்காமலும் போகலாம்.

சென்னைக்கு வந்து பையைப் பிரித்தபோது உள்ளே இருந்தது மேல் பாகம். கிளம்புகிற அவசரத்தில் மாறிவிட்டது. இப்போது பேர் எங்கள் வீட்டில், ஊர் ஒரத்தநாட்டில். சித்ரா உடனே போன் போட்டாள். "என்னோடது உன்கிட்ட வந்துடுச்சுக்கா." "இருக்கட்டும்டீ, வந்து மாத்திக்கலாம்." யார் யார் வீட்டுக்கு வருவது, எப்போது என்று பேசி முடிவு செய்ய தினம் சாயங்காலம் முக்கால் மணி நேரம் ஆகிறது. இன்னும் முடிவாகவில்லை.

முடிவாகிவிடக் கூடாது என்பதற்காகச் சகலை அந்தக் கீழ்ப் பாதியை எடுத்து யாருக்கும் தெரியாமல் பரணில் போட்டுவிட்டாராம். ஃபில்டர் எங்கே என்று அக்கா கேட்டால், "மேல இருக்கு" என்கிறாராம். அக்கா மேலண்டை வீட்டில் போய் இரண்டு தடவை கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.